நூற்றுப் பன்னிரண்டு மைல்

மொன்டானா முழுக்க இடப்பக்கம் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறது.
எனக்கு மட்டும் ஸ்டியரிங் வலப்பக்கம்,
பள்ளத்தின் ஓரம், புல்லின் பக்கம்,
தபால் பெட்டிகளின் வாய்க்கு நேராக.

இன்று இடப்பக்க இருக்கையில் ஒருவர்.
ஹோலக் என்று பெயர். தலைமையகம் அனுப்பியிருக்கிறது.
கழுத்தில் நிறுத்தக் கடிகாரம், கையில் கட்டம் போட்ட தாள்.
நாற்பத்தொரு பெட்டி, நூற்றுப் பன்னிரண்டு மைல்.
வகுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.
"ஒரு கடிதத்துக்கு இவ்வளவா?"

நான் ஹீட்டரைத் தட்டினேன்.
ஏப்ரல்தான், ஆனாலும் பூச்சியத்துக்குக் கீழே.
ஹீட்டர் அவர் பக்கம் மட்டும் வேலை செய்யும்.
ஆகவே கோழிக்குஞ்சுப் பெட்டி அவர் மடிக்குப் போனது.
அயோவாவில் நேற்று முன்தினம் பொரிந்தவை,
வயிற்றிலிருக்கும் மஞ்சள்கருவின் மிச்சத்தில்
மூன்று நாள் தாங்கும்.
ஓட்டைக்கு ஓட்டை ஓர் அலகு.
கட்டம் போட்ட தாள் பெட்டிக்கடியில் மாட்டிக்கொண்டது.

மூன்றாம் பெட்டி: விதைப் பட்டியல், வங்கியின் மிரட்டல்.
ஒன்பது: இன்சுலின். வெளியே வைத்தால் உறைந்துவிடும்,
இரண்டு முறை ஹார்ன் அடித்துக் காத்திருந்தோம்.
பதினான்கு: பள்ளிக்கூட வரிக்கான வாக்குச்சீட்டு,
உறைமேல் காப்பிக் கோப்பை வைத்த வட்டம்.

பதினேழில் போட எதுவுமில்லை. கொடி மட்டும் தூக்கியிருந்தது.
கையை விட்டேன்.
தகரத் தரையோடு உறைந்து ஒட்டிக் கிடந்தது சில்லறை.
நகத்தால் பெயர்த்தேன்.
துண்டுச் சீட்டில் ஐனெஸ் குட்னெக்ட்டின் கிறுக்கல்:
"ஒரே ஒரு ஸ்டாம்ப். மிச்சம் இரண்டு சென்ட், நீயே வைத்துக்கொள்."
மகன் ஒரேகான் சிறையில். வாரம் ஒரு கடிதம்.
சிறைக்கும் அந்த ஸ்டாம்ப்தான்,
ஆளுநர் மாளிகைக்கும், அடுத்த பண்ணைக்கும் அதே.
இந்தப் பக்கத்தில் தூரம் கேட்டு விலை சொல்லாதது வேறென்ன?
டீசல்காரனைக் கேளுங்கள். பல் டாக்டரைக் கேளுங்கள்.

"இதை எந்தக் கட்டத்தில் எழுத?" என்றார் ஹோலக்.
நக்கலா, நிஜமாகவா, தெரியவில்லை.

இருபத்தாறாம் பெட்டிக்கு ஒரு மனிதர் வந்திருந்தார்.
காலையிலிருந்து பின் இருக்கையில், பெல்ட் போட்டபடி,
குஞ்சுகளின் கூச்சலைக் கேட்டுக்கொண்டு.
சதுர அட்டைப்பெட்டி, ஆரஞ்சு நிறச் சீட்டு:
ஹார்லன் ட்வேட், அலாஸ்காவிலிருந்து, சாம்பலாக.

அண்ணன் வெர்டல் கையுறையைக் கழற்றிக் கையெழுத்திட்டார்.
"முப்பத்திரண்டு வருஷம். வாடா என்றால்
டிக்கெட் விலையைச் சொல்வான்."
சீட்டில் அச்சாகியிருந்த தபால் கட்டணத்தைப் பார்த்தார்.
ஏதோ சொல்ல வந்து, நிறுத்திவிட்டு,
காப்பி குடிக்கிறீர்களா என்றார்.

விதிப்படி கூடாது. குடித்தோம்.
மேசையில் நாலாவது ஆளாகப் பெட்டி.
பதினொரு நிமிடம் இருக்கும்.
கடிகாரத்தை அழுத்த ஹோலக்குக்குக் கை ஒழியவில்லை,
குளிரில் விட மனமில்லாமல்
குஞ்சுகளையும் உள்ளே தூக்கி வந்திருந்தார்.

முப்பத்தெட்டில் அவை இறங்கின.
நூறு கேட்டால் நூற்றிரண்டு அனுப்புவார்கள்,
வழியில் சாவதற்கென்று இரண்டு.
ஹோலக்கே எண்ணினார்,
ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டு.
நூற்றிரண்டு.
எண்ணுவதில் கெட்டிக்காரர்.

அறிக்கை ஜூலையில் வந்தது. தபாலில்தான்.
நானே கொண்டுபோய்க் கொடுக்க,
அஞ்சலகத்தில் லவோன் ஸ்டென்ஸ்ருட் நின்றபடியே படித்தாள்.
மைலுக்கு இவ்வளவு நஷ்டம்.
வாரம் ஆறு நாள் மூன்றாகலாம்; பரிசீலனையில்.
"உன் பெயரை எழுத்துப்பிழையோடு போட்டிருக்கிறான்," என்றாள்.
உறையைத் திரும்ப ஒட்டிக் கோப்பில் வைத்தாள்.

பதினேழில் கொடி தூக்கியிருக்கிறது.
வெயில் காலம், சில்லறை சூடாக, சுலபமாக வருகிறது.
ஸ்டாம்ப் விலை ஏறியது ஐனெஸுக்கு இன்னும் தெரியாது.
இரண்டு சென்ட் குறைகிறது.
சாம்பல்கிண்ணத்தில் துழாவினேன்.
அவளுடைய பழைய இரண்டு சென்ட் அங்கேயேதான் இருந்தது.